செயப்பாட்டு வினை: எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அளித்த பதில்கள்.

இராஜாக்கமங்கலத்திலிருந்து ஒரு விவசாயி: ஐயா, கால்வாயைத் தூர்வாரக் கோரி மனு எழுதுகிறோம். 'தூர்வாரப்படவில்லை', 'நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்' என்றே எழுத வருகிறது. இது சரிதானா?

பதில்: இலக்கணப் பிழை இல்லை. 'கால்வாய் தூர்வாரப்படாததால் பேச்சிப்பாறை அணை நீர் கடைவரம்பு வயல்களுக்கு வந்து சேரவில்லை' என்று நிலைமையை விளக்கும்போது செயப்பாட்டு வினை, அதாவது செய்பவரை விட்டுச் செயலுக்கு உள்ளாவதை எழுவாயாக்கும் '-படு' வடிவம், பொருத்தமானதே; அங்கே தண்ணீர் வராததுதான் செய்தி. கோரிக்கைக்கு வந்ததும் செய்ய வேண்டியவர் யார் என்பது வாக்கியத்தில் இருந்தாக வேண்டும். 'நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்' என்பதைப் படிக்கும் அலுவலர் எவரும் அதைத் தம் பொறுப்பாகக் கருத மாட்டார். 'உதவிப் பொறியாளர் நேரில் பார்வையிட்டு, கன்னிப்பூ முதல்போக நடவுக்கு முன் கால்வாயைத் தூர்வாரித் தருமாறு வேண்டுகிறோம்' என்று எழுதுங்கள். 'கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். அது அலுவலகம் பொதுமக்களுக்கு அறிவிக்கும் தொனி, மனுதாரருக்கு உரியதன்று.

கருங்கலிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: செயப்பாட்டு வினையே ஆங்கிலத்தின் வழியாக வந்தது என்கிறார்களே ஐயா?

பதில்: இல்லை அம்மா. 'வாழ்வாங்கு வாழ்பவன் வையத்துள் வானுறையும் தெய்வத்துள் வைக்கப் படும்' என்பது 50ஆம் குறள். வைப்பவர் யாரென்று வள்ளுவர் சொல்லவில்லை. சொல்லாததனால்தான் உலகம் முழுவதும் அவனை அங்கே வைக்கிறது என்ற விரிவு கிடைக்கிறது. தமிழுக்கு இன்னொரு வழியும் உண்டு. 'செயப்படுபொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே' என்கிறது தொல்காப்பியம்; செயலுக்கு உள்ளான பொருளே அதைச் செய்தது போலச் சொல்வதும் வழக்கு என்பது பொருள். உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு 'திண்ணை மெழுகிற்று'. திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொள்ளாது என்பது கேட்பவருக்குத் தெரியும். 'அணை திறந்தாச்சு' என்று நம் ஊரில் சொல்வதும் அந்த மரபுதான். செயப்பாட்டு வினை தமிழுக்கு அந்நியமன்று. 'என்னால் இக்கடிதம் எழுதப்படுகிறது' என்று, செய்பவரைச் சொல்லிக்கொண்டே வாக்கியத்தைத் திருப்பிப் போடும் மொழிபெயர்ப்பு நடைதான் அந்நியமாக ஒலிக்கிறது.

குளச்சலிலிருந்து ஓர் இளம் எழுத்தாளர்: 2017 ஒக்கிப் புயலைப் பின்னணியாகக் கொண்ட என் சிறுகதையில் 'படகு அலையால் கவிழ்க்கப்பட்டது' என்ற வரி உயிரில்லாமல் இருப்பதாக நண்பர் சொல்கிறார்.

பதில்: நண்பர் சொல்வது சரி. 'படகு கவிழ்ந்தது' என்ற இரண்டு சொல்லில் அந்த நொடியின் வேகம் முழுவதும் வந்துவிடுகிறது. கவிழ்ந்தது–கவிழ்த்தது, உடைந்தது–உடைத்தது என்று, தானே நிகழ்வதைச் சொல்லும் தன்வினையும் பிறர் நிகழ்த்துவதைச் சொல்லும் பிறவினையும் இணையாகக் கிடைக்கும் மொழியில் எழுதுகிறோம். முதலில் அவற்றைத் தேடுங்கள். செயப்பாட்டு வினைக்கு உங்கள் கதையில் வேறோர் இடம் இருக்கிறது. கரையில் காத்திருக்கும் மனைவி ஒரு தாளைப் பார்க்கிறாள்: 'காணாமற்போனோர் பட்டியலில் அவன் பெயர் சேர்க்கப்பட்டிருந்தது.' யார் சேர்த்தார், எதை வைத்துச் சேர்த்தார் என்று அவள் கேட்க ஆளில்லை. அந்த இயலாமையை இந்த வினை வடிவமே தாங்கி நிற்கிறது. ஆனால் அவள் வாய்ப்பேச்சில் இது வரக்கூடாது. 'பேரச் சேத்துட்டாங்க' என்றுதான் அவள் சொல்லுவாள்.

தக்கலையிலிருந்து: 'மரத்தை வெட்டப்பட்டது' என்று எழுதலாமா?

பதில்: கூடாது. 'மரம் வெட்டப்பட்டது' அல்லது 'மரத்தை வெட்டினர்'.

மார்த்தாண்டத்திலிருந்து ஓர் ஆசிரியை: 1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் சென்னை மாநிலத்துடன் 'இணைந்தது' என்பதா, 'இணைக்கப்பட்டது' என்பதா? மாணவர்களின் கட்டுரையில் இரண்டும் வருகின்றன.

பதில்: மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் செயலைச் சொல்லும் பத்தியில் 'இணைக்கப்பட்டது' துல்லியம். மக்கள் போராடிப் பெற்றதைச் சொல்லும் பத்தியில் 'இணைந்தது' பொருந்தும். அதே கட்டுரையில் இன்னொரு வாக்கியத்தைக் கவனமாகப் பாருங்கள். இணைப்புக்கான போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டை 'மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்கள் கொல்லப்பட்டனர்' என்று மாணவர் முடித்திருந்தால் திருத்தச் சொல்லுங்கள். சுட்டவர் அந்த வாக்கியத்தில் இல்லை. 'திருவிதாங்கூர்–கொச்சி மாநிலக் காவல்துறை சுட்டதில் இறந்தனர்' என்று எழுதினால்தான் அது வரலாறு.