அமெரிக்க காலேஜ் கம்பெனி ஷேர் மலிவா இருக்கு, வாங்கலாமா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவுல லாபத்துக்காக காலேஜ் நடத்துற கம்பெனி ஒண்ணு, பி.இ. (ஷேர் விலை, ஒரு ஷேருக்கு வர்ற வருஷ லாபத்தப் போல எத்தன மடங்குங்கிற கணக்கு) 8 தான், கடன் சுத்தமா இல்ல, ரொக்கம் நிறைய இருக்கு, ஏன் இவ்ளோ கம்மி விலைக்கு கெடக்கு, வாங்கிப் போடலாமா?

இதே மூணு விஷயத்த பாத்துட்டுதாங்க 2012ல நானும் வாங்குனேன். கம்பெனி பேரு வேணாம். அப்ப நியூஜெர்சில எச்1பி வேலை விசால இருந்தேன், சம்பளத்துல மிச்சம் புடிச்ச நாலாயிரம் டாலர், ரெண்டு வருஷத்துல அறுநூத்துச் சொச்சத்துல வந்து நின்னுச்சு, அதையும் வித்து வரிக் கணக்குல நஷ்டம்னு காட்டிட்டு வெளிய வந்தேன்.

விக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணேன், அத வாங்குறதுக்கு முன்னாடியே பண்ணிருக்கணும். சனிக்கிழமை காலைல அவங்க வெப்சைட்ல படிக்க ஆசைப்படுற ஆள் மாதிரி ஃபார்ம்ல போன் நம்பர் குடுத்தேன். டீ ஆறுறதுக்குள்ள முதல் போன். சாயந்தரத்துக்குள்ள ஒம்போது. ஒரு அம்மா அவ்ளோ அன்பா பேசுனாங்க, ஃபீஸ் எவ்ளோன்னு நாலு வாட்டி கேட்டேன், நாலு வாட்டியும் "அதெல்லாம் ஃபைனான்ஷியல் எய்டு பாத்துக்கும், நீங்க எந்த வாரம் சேர்றீங்க"ன்னுதான் பதில். நான் வேலை விசால இருக்கேங்கன்னு சொன்னேன் பாருங்க, அதோட சரி, அப்புறம் ஒரு போன் கூட வரல. அந்த விசால இருக்கறவங்களுக்கு அமெரிக்க அரசாங்கத்தோட கல்விக்கடன் கிடையாது, அதான்.

அன்னிக்குதான் உறைச்சுது, இந்த பிசினஸ்ல நிஜ கஸ்டமர் மாணவன் இல்ல, வாஷிங்டன், அதாவது அமெரிக்க அரசாங்கம். 1965ல வந்த உயர்கல்விச் சட்டத்துல டைட்டில் 4னு ஒரு பகுதி இருக்கு, பெல் கிராண்ட் (வசதி இல்லாத மாணவர்களுக்குத் திருப்பிக் கட்ட வேணாத உதவிப் பணம்), மாணவர் கடன் எல்லாம் அது வழியாத்தான் வருது, பையன் பேர்ல கடன், பணம் நேரா காலேஜுக்கு. லாபத்துக்கு நடத்துற ஒரு காலேஜோட வருமானத்துல இந்த மாதிரி பணம் 90 சதவீதத்த தாண்டக் கூடாதுன்னு ரூல், 90/10னு சொல்வாங்க, 1992ல 85ஆ இருந்தது, 1998ல தளர்த்தி 90 ஆக்குனாங்க. ராணுவத்துல இருந்தவங்களுக்கு வர்ற கல்விப் பணம் ரொம்ப நாளா மிச்ச 10 சதவீதக் கணக்குல சேந்துச்சு, அதாவது ஒரு டாலர் ராணுவப் பணம் கெடச்சா ஒம்போது டாலர் டைட்டில் 4 வாங்கிக்கலாம், அதனால ராணுவ முகாம் வாசல்லயே ஆள் புடிச்சாங்க. 2021ல சட்டம் மாத்தி 2023லேருந்து அந்த ஓட்டைய அடைச்சுட்டாங்க.

இப்ப உங்க "ரொக்கம் நிறைய"க்கு வருவோம். அதுல கொஞ்சம் மாணவர்கள் முன்கூட்டியே கட்டுன ஃபீஸ், பாடம் நடத்தி முடிக்கிற வரைக்கும் கம்பெனிக்குச் சொந்தம் இல்ல, பேலன்ஸ் ஷீட்டுல எதிர்ப் பக்கம் டெஃபர்டு ரெவின்யூன்னு உக்காந்திருக்கும். மிச்சமும் கல்வித்துறை முறைச்சா காணாமப் போயிரும். ஐடிடி டெக்னு இதே மாதிரி காலேஜ் கம்பெனி, அது கதை தெரியும்ல, 2016 ஆகஸ்ட்ல அரசு உதவில படிக்கிற புது மாணவர்களச் சேக்கக் கூடாதுன்னுட்டு, கூடவே கல்வித்துறைகிட்ட கட்டி வைக்கிற ஈட்டுத் தொகைய 247 மில்லியன் டாலருக்கு ஏத்து, 30 நாள் டைம்னாங்க. கையில அதுல பாதி கூட இல்ல, செப்டம்பர் முதல் வாரத்துல 130க்கு மேல கேம்பஸ் மூடியாச்சு. கொரிந்தியன் காலேஜஸ் அத விட மோசம், 2014 ஜூன்ல டைட்டில் 4 பணத்த வெறும் 21 நாள் தள்ளிக் குடுப்போம்னு சொன்னாங்க, அதுக்கே மூச்சு திணறிருச்சு, 2015ல திவால். இருபத்தோரு நாள் தாங்காத கம்பெனிக்கு பி.இ. எத்தனையா இருந்தா என்னங்க!

சரி பி.இ. ஏன் ஏமாத்துது? போன வருஷ லாபத்த வச்சுப் போடுற கணக்கு அது, ஆனா இங்க சரிவு முதல்ல புது அட்மிஷன்லதான் தெரியும், ஏற்கெனவே சேந்தவங்க ஃபீஸ் கட்டிக்கிட்டே இருப்பாங்கல்ல, வருமானம் மெதுவாத்தான் எறங்கும். ஃபீனிக்ஸ் யுனிவர்சிட்டிய நடத்துன அப்போலோ குரூப்ப எடுத்துக்கங்க, 2010ல 4 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு மேல படிச்சாங்க, அந்த வருஷக் கடைசில புதுசா வர்றவங்களுக்கு மூணு வாரம் ஓசி ஓரியன்டேஷன் (அறிமுக வகுப்பு) கட்டாயம்னாங்க, புது அட்மிஷன் பொத்துன்னு விழுந்துச்சு. வருமானம் மட்டும் 4.9 பில்லியன்லேருந்து அடுத்த வருஷம் 4.7தான் ஆச்சு, பாக்கறவனுக்கு "பரவால்லையே, சந்தை சும்மா பயப்படுது"ன்னு தோணும். 2009 தொடக்கத்துல 90 டாலர் பக்கம் இருந்த ஷேர், 2017ல 10 டாலர் குடுத்து மொத்தமா வாங்கி மார்க்கெட்லேருந்தே எடுத்துட்டாங்க.

எல்லாரும் இப்படித்தான் போனாங்களான்னா இல்ல. ஸ்ட்ரேயர், கேபெல்லான்னு ரெண்டு காலேஜ் கம்பெனி 2018ல ஒண்ணா சேந்து இன்னும் ஓடிட்டு இருக்கு. கிராண்ட் கேன்யன்னு இன்னொரு காலேஜ் கம்பெனி 2008ல 12 டாலருக்கு வெளியிட்ட ஷேர், நல்லாவே ஏறுச்சு. அவங்க 2018ல பண்ணது நம்மூர்க்காரங்களுக்கு உடனே புரியும், யுனிவர்சிட்டிய லாப நோக்கமில்லாத அமைப்புக்கு வித்துட்டு, கம்பெனி சர்வீஸ் மட்டும் குடுத்து ஃபீஸ் வருமானத்துல 60 சதவீதம் வாங்கிக்குது (காலேஜ் டிரஸ்ட் பேர்ல, பஸ்ஸும் ஹாஸ்டலும் மச்சான் கம்பெனி பேர்லன்னு இங்க நடக்குறதுக்கு பெரியண்ணன்!). 2019ல கல்வித்துறை இத லாப நோக்கமில்லாததுன்னு ஒத்துக்கல, கேஸ் போய் 2024ல அப்பீல் கோர்ட் அந்த முடிவ ரத்து பண்ணுச்சு. ஷேர் நல்லா ஓடுற கம்பெனிக்கே அஞ்சு வருஷ இழுபறி.

இன்னொன்னு, விளம்பரச் செலவ பாருங்க. 2012ல செனட் கமிட்டி 30 கம்பெனிய ஆராஞ்சப்ப வருமானத்துல 22.7 சதவீதம் விளம்பரம், ஆள் சேக்கறது, 19.4 லாபம், பாடம் நடத்த 17.2. எனக்கு வந்த அந்த ஒம்போது போனும் இந்த 22.7லதான் வருது.

அதனால பி.இ. எனக்கு வேணாம். டென்-கேல (கம்பெனி வருஷா வருஷம் அமெரிக்க அரசுக்குக் குடுக்குற அறிக்கை) ரெகுலேஷன்னு நாப்பது பக்கம் சலிப்பா போகும், எல்லாரும் தாண்டிப் போற இடம், அதுலதான் 90/10 சதவீதம், கல்விக்கடன் கட்டாத பழைய மாணவங்க சதவீதம் எல்லாம் இருக்கும் (தொடர்ந்து மூணு வருஷம் 30 தொட்டா டைட்டில் 4 கட்). அந்த ரெண்டையும், போன எட்டு காலாண்டு புது அட்மிஷனையும் எடுத்துக் கீழ போடுங்க, பாத்துட்டுச் சொல்றேன். 90/10ல 88, 89ன்னு இருந்தா போடவே வேணாம்.