7.25 டிஎம்சி சரிங்க, அது எந்த மாசம் வருது?

இந்த இதழுக்கு வந்த கடுதாசில முக்காவாசி தண்ணி பத்தித்தான், அதுவும் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூக்காவுல இருந்துதான். மத்த கேள்வி எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளியாச்சு, கோவிச்சுக்காதீங்க. (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி தண்ணி.)

கேள்வி: ஒப்பந்தப்படி 7.25 டிஎம்சி வந்துருச்சுன்னு வருஷாவருஷம் பேப்பர்ல போடறாங்க. ஆனா மார்ச் மாசம் எங்க கடைமடைல தென்னை காஞ்சு நிக்குது. யாரு சார் பொய் சொல்றாங்க? (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: யாரும் பொய் சொல்லாமயே இப்படி நடக்குமுங்க, சிக்கலே அதுதான். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29ல கையெழுத்தாச்சு, ஆனா 1958 நவம்பர் 9ல இருந்தே அமல்னு எழுதிக்கிட்டாங்க. அதுல கேரளாவுக்கு மணக்கடவு அணைக்கட்டுல வருஷத்துக்கு 7.25 டிஎம்சி, வருஷம்னா ஜூலை 1 தொடங்கி ஜூன் 30 வரை. கவனிங்க, அளக்கறது மணக்கடவுல, உங்க தோப்புல இல்ல. அங்கிருந்து மூலத்தறை ரெகுலேட்டர் (ஷட்டர் வச்ச தடுப்பணை) வந்து வாய்க்கால்ல பிரிஞ்சு உங்ககிட்ட சேர்றதுக்குள்ள மண்ணு குடிக்கறது, மதகு ஒழுகறது, மேமடைக்காரர் மோட்டார் போட்டு இழுக்கறது எல்லாம் அந்த 7.25ல எங்கயும் தெரியாது.

அதைவிட பெரிய விஷயம் மாசம். ரெண்டாம் போக நெல்லுக்கு அக்டோபர்ல இருந்து ஜனவரி வரை தண்ணி வேணும், தென்னைக்கு பிப்ரவரிக்கு மேல மூணு மாசம் உயிர்த்தண்ணி வேணும். மழை பேயறப்பவே பெரும்பங்கு வந்து போயிட்டா மொத்தக் கணக்கு சுத்தமா இருக்கும், உங்க வாய்க்கா மட்டும் காஞ்சிருக்கும். ரெண்டு மாநில இன்ஜினியருங்களும் கூட்டு நீர் ஒழுங்கு வாரியத்துல உக்காந்து பதினஞ்சு நாளுக்கு இவ்வளவுன்னு அட்டவணை போடறது இதுக்குத்தான், நிஜமான இழுபறியும் அங்கதான் நடக்குது. தேதி சொல்லிக் கேக்கறது புதுசும் இல்லீங்க. கேரளா சோலையாறு அணை செப்டம்பர் 1லயும் பிப்ரவரி 1லயும் நெறஞ்சு நிக்கணும்னு அதே ஒப்பந்தத்துல இருக்கு. அந்த மாதிரி உங்க மார்ச்சையும் சொல்லிக் கேளுங்க, டிஎம்சின்னு மட்டும் சத்தம் போட்டா பேப்பர்ல தலைப்புதான் வரும். கூடவே, மழைல வர்றதைப் பிடிச்சு வைக்க கம்பாலத்தறை, வெங்கலக்கயம் மாதிரி ஏரிகள்ல எவ்வளவு மண்ணு ஏறிக் கிடக்குன்னும் ஒரு நடை போய்ப் பாருங்க.

கேள்வி: மலையைக் குடைஞ்சு தண்ணி கொண்டாந்தது நாங்க. எங்களுக்கே பத்தலை, அப்புறம் எதுக்கு அவங்களுக்குக் குடுக்கணும்? (ஆனைமலை வாசகர்)

பதில்: ஏனுங்கண்ணா! பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூணு அணையும் கேரள மண்ணுல இருக்கு, நடத்தறது மட்டும் தமிழ்நாடு. நீராறு பெரியாத்துக்குப் போக வேண்டியது, சோலையாறும் பரம்பிக்குளமும் சாலக்குடி ஆத்துக்குப் போக வேண்டியது, அதை எல்லாம் சுரங்கத்துல திருப்பித்தான் ஆழியாறுக்கும் திருமூர்த்திக்கும் வருது. அதனால ஆழியாறு போய்ச் சேர்ற பாரதப்புழைப் படுகைன்னு ஒரு மேப்பை மட்டும் விரிச்சு வச்சுத் திட்டம் போட்டா பாதி தண்ணி மேப்புக்கு வெளிய இருக்கும். 2022 செப்டம்பர்ல பரம்பிக்குளம் ஷட்டர் ஒண்ணு உடைஞ்சப்ப தண்ணி எந்தப் பக்கம் ஓடுச்சு? சாலக்குடி ஆத்துக்குத்தான், அங்க இருக்கறவங்க ராவோட ராவா பயந்து கிடந்தாங்க.

பத்தலைங்கறது உண்மைதான், மறுக்கலை. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்து (பிஏபி) ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், 4 லட்சம் ஏக்கருக்கு மேல வளர்ந்துருச்சு, நாலு மண்டலமாப் பிரிச்சு முறை வச்சு விடறாங்க, ஒரு முறை விட்டா அடுத்தது வர எத்தனை நாள் காத்துக் கிடக்கணும்னு உங்களுக்குத் தெரியாததா. ஆனா ஆயக்கட்டை நீட்டிக்கிட்டே போனது சித்தூர்க்காரங்க இல்லீங்களே.

கேள்வி: படுகைத் திட்டம்னு பேச ஊருக்கு ஆபீசருங்க வர்றாங்களாம், கிராமசபைல நாங்க என்னங்க அக்கா கேக்கறது? (வேலந்தாவளம் வாசகி)

பதில்: பாரதப்புழைப் படுகை மொத்தம் 6,186 சதுர கிலோமீட்டர், அதுல 1,786 தமிழ்நாட்டுல. திட்டத்துல அந்தப் பக்கத்து மழை, பயிர், அணை எல்லாம் இருக்கான்னு முதல்ல கேளுங்கம்மா, எல்லைக்கோட்டோட நின்னுட்டா அது அரைத் திட்டம். மூலத்தறை வலதுகரை வாய்க்காலை கோரையாத்துல இருந்து வரட்டாறு வரை நீட்டற வேலை உங்க பக்கம் வருதுல்ல, நல்லதுதான், ஆனா வாய்க்கா நீண்டா தண்ணி நீளாது. அதே 7.25ல யாருக்குக் கொறையப் போகுதுன்னு எழுத்துல வாங்கிக்கோங்க.

அப்புறம் போர் தண்ணி. வாய்க்கா தண்ணி ஒரு ஆபீஸ், போர் தண்ணி இன்னொரு ஆபீஸ்னு பிரிச்சு வச்சிருக்காங்க, பூமிக்கு அந்தப் பிரிவெல்லாம் தெரியாது. பக்கத்துல பிளாச்சிமடைல 2000ல கோலா கம்பெனி வந்து, கிணறெல்லாம் கெட்டுப்போச்சுன்னு ஜனங்க பந்தல் போட்டு உக்காந்து, 2004ல உற்பத்தி நின்னுது, அந்தக் கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நம்ம கிழக்கு பஞ்சாயத்துங்க மழை மறைவுல இருக்கு, கரிசல் மண்ணு வேற, ஊருக்கு ஊர் தோப்பு, கேரளால நெறைய ஊருக்குக் கள்ளு போறதே இங்கிருந்துதான். இத்தனை தென்னைக்கும் கோடைல எவ்வளவு தண்ணி போரு வழியா ஏறுதுன்னு எந்தப் பயிர் கணக்குலயாச்சும் இருக்கான்னு கிருஷி பவன்ல (வேளாண் ஆபீஸ்ல) போய்க் கேளுங்க. என்ன பதில் வருதுன்னு எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்க.

கேள்வி: பாரதப்புழை பொன்னானில கடல்ல போய்ச் சேர்றது அத்தனையும் வேஸ்ட்தானே? (மீனாட்சிபுரம் வாசகர்)

பதில்: இல்லீங்க. ஆத்துல நல்ல தண்ணி ஓட்டம் கொறைஞ்சா கடல் உப்பு உள்ள ஏறும், கரையோரக் கிணறு எல்லாம் கரிக்கும். அதைத் தடுக்கவும்தான் பொன்னானி பக்கத்துல சம்ரவட்டத்துல ரெகுலேட்டர் கட்டி 2012ல திறந்தாங்க. மேல இருக்கற நாம ஒரு சொட்டு விடாம நிறுத்திட்டா அந்த ஷட்டருக்குப் பின்னால தேக்கறதுக்கு என்ன இருக்கும்?