நீளமான பெயரா?

கேள்வி: பேத்திக்கு அங்கயற்கண்ணி என்று பெயர் வைக்க எனக்கு ஆசை. மருமகளோ, “பழைய பெயர், ரொம்ப நீளம்” என்கிறாள். இந்தப் பெயர் எப்படி வந்தது? பொருள் என்ன?
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: எது நீளம்? எழுதினால் எட்டு எழுத்து. அதில் மூன்று, புள்ளி வைத்த மெய். வாய் திறப்பது ஐந்தே முறை. பிரியதர்ஷினிக்கு ஆறு முறை திறக்க வேண்டும். அந்தப் பெயரை நீளம் என்று யாரும் ஒதுக்கியதில்லை. நாக்கு பழகாததையெல்லாம் நீளம் என்று தள்ளுகிறோம், அவ்வளவுதான். எண் கணிதக்காரர் சொன்னால் பெயரில் இரண்டு எழுத்தைக் கூடச் சேர்த்துக்கொள்கிறோமே, அப்போது மட்டும் நீளம் உறுத்துவதில்லையா?

அம் + கயல் + கண்ணி. அழகிய கயல் மீன் போன்ற கண்ணுடையவள். மதுரை மீனாட்சியின் தமிழ்ப் பெயர். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் ஆலவாய்க்கு, அதாவது மதுரைக்கு வந்து பாடிய பதிகம், பாண்டிமாதேவியை ‘மங்கையர்க்கரசி’ என்று அழைத்துத் தொடங்குகிறது. அதே முதல் பாட்டு ‘அங்கயற்கண்ணி தன்னொடும் அமர்ந்த ஆலவாய் ஆவதும் இதுவே’ என்று முடிகிறது. மதுரையின் அரசிக்கும் அம்மனுக்கும் ஒரே பாட்டில் இடம். இதைவிடப் பெரிய பிறப்புச் சான்றிதழ் எந்தப் பெயருக்கு உண்டு?

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ‘அங்கையற்கண்ணி’ என்று எழுதிவிடாதீர்கள். இதற்காக இந்தப் பக்கத்தில் முன்பே சண்டை போட்டிருக்கிறேன். மயல் மையல் ஆவதுபோலக் கயலும் கையல் ஆகலாம், முதலெழுத்து மாறினாலும் பொருள் மாறாத முதற்போலி அது, நன்னூலில் இடமிருக்கிறது என்று புலவர் நண்பர்கள் கிளம்பி வருவார்கள். இலக்கணம் இடம் கொடுக்கலாம், நான் கொடுக்க மாட்டேன். அங்கை என்றால் உள்ளங்கை. அப்படிப் படித்துப் பழகும் பிள்ளைக்குத் தன் பெயருக்குள் மீன் இருப்பதே தெரியாமல் போகும். பாண்டியன் கொடியில் பறந்த மீன் அம்மா அது!

அந்த மீனும் இப்போது அரிதாகிறது. கயல் என்பது கெண்டை வகை. மேலூர்ப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றியதும் ஊரே ஊத்தாவும் வலையுமாக மீன்பிடித் திருவிழாவுக்கு இறங்கும். அள்ளுவதில் பெரும்பங்கு ஜிலேபிக் கெண்டையாக இருந்தால் எனக்கு வயிறு எரியும். பெயரில்தான் அது கெண்டை. ஆப்பிரிக்காவின் திலாப்பியா, 1952-ல் நம் நாட்டுக்குள் கொண்டுவந்து விட்டது. வேகமாகப் பெருகி, நாட்டு மீன்களின் இரையிலும் இடத்திலும் பங்கு கேட்கிறது. கண்மாய்களில் கட்லாவும் ரோகுவும் வளர்க்கக் குஞ்சு விடுகிறார்கள், நல்லது. நாட்டுக் கெண்டைக்கும் ஒரு மூலையை ஒதுக்க வேண்டும் என்று மீன்வளத் துறையை இந்தப் பக்கத்திலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

மருமகளோடு மல்லுக்கு நிற்காதீர்கள். பிள்ளையைப் பெற்றவர் அவர். வீட்டில் கூப்பிட ‘கயல்’, பதிவேட்டில் முழுப்பெயர் என்று சொல்லிப் பாருங்கள். பிறப்பைப் பதிந்து ஓராண்டுக்குள் என்றால் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதுவரை பேச உங்களுக்கு நேரம் இருக்கிறது.