கப்பல் புகையை மென்பொருளால் குறைக்க முடியுமா?

கேரித்தீவுத் தோட்டத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: பக்கத்திலேயே கிள்ளான் துறைமுகம், மென்பொருள் வந்தால் கப்பல் புகை குறையுமா?

குறையும். நம் செம்பனை ஆலை வாசலை நினைத்துப் பாருங்கள். குலை ஏற்றிய லோரிகள் முந்திக்கொண்டு வந்து, எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நிற்கும். முறை மூன்று மணிக்குத்தான் என்று முன்பே தெரிந்தால் யார் பறந்து வருவார்கள்? கப்பலும் அப்படித்தான். விரைந்து வந்து நங்கூரம் போட்டுக் காத்திருக்கும்; அப்போதும் மின்சாரத்துக்காகத் துணை எஞ்சின்கள் ஓடும்.

கப்பலில் உள்ள ஏ.ஐ.எஸ். கருவி அதன் இடத்தையும் வேகத்தையும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. துறைமுகத்தில் கப்பலை நிறுத்தும் இடம் எப்போது காலியாகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், எத்தனை மணிக்கு வந்தால் போதும் என்று நடுக்கடலிலேயே சொல்லிவிடலாம். லாபம் இங்கேதான். வேகத்தை இரு மடங்காக்க ஏறக்குறைய எட்டு மடங்கு எஞ்சின் சக்தி வேண்டும். அதனால் 10 சதவீதம் மெதுவாக வந்தாலே, அதே தூரத்துக்குச் சுமார் 19 சதவீத எரிபொருள் மிச்சம்.

சிக்கல் கணினியில் இல்லை, ஒப்பந்தத்தில். முதலில் வருபவருக்கே முதல் இடம் என்றால் எந்த கேப்டன் மெதுவாக வருவார்?

அப்புறம், புகையில் வரும் கந்தகம் வேறு கணக்கு. புகை கழுவும் கருவி இல்லாத கப்பலின் எரிபொருளில் அது 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற உலகளாவிய விதி 2020 முதல் இருக்கிறது.