கடைத்தெருக் கேள்விகள்

கேள்வி: ஐயா, ஹட்டன் டவுனில் பஸ் நிலையத்துப் பக்கம் பேமென்டில் குடை, தொப்பி, கம்பளிச் சட்டை விற்கிறேன். பண்டிகைக் காலத்தில் இருக்க விடுகிறார்கள். மற்ற நேரம் எழும்பு என்கிறார்கள். டவுனைத் திருத்தப் போவதாகவும் பேச்சு. என் பிழைப்பு என்னாகும்?
– ஹட்டன் வாசகர் ஒருவர்

பதில்: தம்பி, நீங்கள் நிற்கிற நிலம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதில் தொடங்குவோம். ஹட்டனுக்கு நடுவே போகிற வீதி, அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் ஏ-7 பாதை. அது வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் கையில் இருக்கிறது. சந்தை, கடையறை, நாள் கட்டணம் எல்லாம் நகரசபையிடம். போக்குவரத்து பொலிஸிடம். மலையக டவுன்கள் பலவற்றில் இதுதான் நிலைமை. ஒருவர் நாள் கட்டணம் வாங்கி ரசீது தர, இன்னொருவர் வந்து எழும்பச் சொல்வது இதனால்தான். அந்த ரசீது இடத்தை உங்களுக்குச் சொந்தமாக்காது. ஆனாலும் இத்தனை வருடம் இங்கே வியாபாரம் செய்தீர்கள் என்று காட்ட உங்களிடம் வேறு என்ன இருக்கிறது? ஒன்றையும் வீசாதீர்கள். திகதி வாரியாக ஒரு கொப்பியில் ஒட்டி வையுங்கள்.

நான் ஒரு சபையில் வருமானப் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த ரசீதுப் புத்தகத்தோடு தெருத்தெருவாக நடந்தவன். டவுன் திட்டம் போடுகிறவர்களின் மேசைக்குப் போவது வரைபடமும் பதிவேடும்தான். பதிவேட்டில் பெயர் இல்லாத வியாபாரிக்கு மாற்று இடம் ஒதுக்க அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது.

மாற்று இடம் தருகிறோம் என்று சொன்னால், எங்கே என்று கேளுங்கள். 10ஆம் திகதி சம்பளத்தை ஒட்டித் தோட்டத்துச் சனம் டவுனுக்கு இறங்குகிறது. அடகு திருப்பி, அரிசி மா வாங்கி, பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கி, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த நடைவழியை விட்டு ஒதுங்கிய கடையைத் தேடிப் போக அவர்களுக்கு நேரம் கிடையாது. நான் வேலை பார்த்த ஊரில் நடைபாதை வியாபாரிகளை எழுப்பி, புதுக் கட்டடத்தின் மேல்மாடியில் கடையறை கொடுத்தார்கள். படி ஏற ஆள் வரவில்லை. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பாதி அறைகளில் பூட்டுத் தொங்கியது. வியாபாரிகளுக்கு உழைக்க மனமில்லை என்று கூட்டத்தில் பேசினார்கள். எனக்கு இன்றும் அந்தக் கோபம் ஆறவில்லை. மாடியில் கொண்டுபோய் வைத்தது யார்?

ஆகவே தனியாக அலையாதீர்கள். பக்கத்து வியாபாரிகளோடு சேர்ந்து எழுதிக் கொடுங்கள். பஸ் நிற்கும் இடத்துக்குக் கிட்ட, தரைமட்டத்தில், மழைக்குக் கூரையோடு, தண்ணீர் ஓடக் கானோடு இடம் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக்கு ஹட்டன் ரயிலில் வந்து இறங்குகிற யாத்திரிகர் குளிருக்குத் தொப்பி வாங்குவது உங்களைப் போன்றவர்களிடம்தான். அதையும் எழுதுங்கள். நகர அபிவிருத்தி அதிகாரசபை 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டப்படி ஒரு திட்டம் தயாரித்தால், அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபனை கேட்க வேண்டும். அந்த அறிவித்தலைத் தவறவிடாதீர்கள். கடையறை ஒதுக்கிய பட்டியல் எப்படித் தயாரானது என்று அறிய, 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கேள்வி: பாடசாலை விட்டு வருகிற என் பிள்ளை, பேமென்ட் முழுக்கக் கடை என்பதால் ரோட்டில் இறங்கி நடக்கிறாள். இவற்றை ஒரேயடியாக அகற்றினால் என்ன?
– தலவாக்கலை வாசகி

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. நடைபாதை நடப்பதற்குத்தான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் ஒரு நாள் நின்று, வழியை மறிப்பது எது என்று பாருங்கள். பெரிய கடைக்காரர் வெளியே இழுத்து வைத்த வாளி, கதிரை, கேஸ் சிலிண்டர், ஏற்றி நிறுத்திய ஆட்டோ, விளம்பரப் பலகை, அப்புறம்தான் கீரை விற்கிற ஆச்சி. அகற்றும் நாளில் முதலில் எழும்புவது ஆச்சிதான். அவருக்காகப் பேச ஆள் இல்லை.

சுவரை ஒட்டி ஒரு கோடு போடலாம். கோட்டுக்கு உள்ளே சாமான், வெளியே நடை. கோடு பெரிய கடைக்கும் ஆச்சிக்கும் ஒன்றே. இடம் குறுகிய மூலைகளில், பாடசாலை விடுகிற ஒன்றரை மணி நேரத்தில் கடை விரிக்காமல் இருக்க உடன்படலாம். பெற்றோரும் வியாபாரிகளும் சேர்ந்து இதைக் கேட்டால் சபை தட்டிக்கழிப்பது கஷ்டம். அந்திக்கு இருட்டுகிற நேரம், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைக்கு அந்தக் கடைகளின் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் துணை என்பதையும் யோசியுங்கள்.

கேள்வி: தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்துகொண்டு முறுக்கும் மிக்சரும் செய்து, பைக்கற்றில் அடைத்து டவுன் கடைகளுக்குக் கொடுக்கிறேன். பெரிய கடைகள் பதிவுப் பத்திரம் கேட்கின்றன. லயத்து விலாசத்தில் பதிய முடியுமா? கடன் கிடைக்குமா?
– பொகவந்தலாவை வாசகி

பதில்: முடியும் தங்கச்சி. கொஞ்சம் அலைச்சல் உண்டு, மனம் தளராதீர்கள்.

வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில். கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும். வியாபாரம் நடக்கும் இடத்துக்கு உரித்தான ஆவணம், இல்லாவிட்டால் உரியவரின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். நம் சனம் மாட்டிக்கொள்வது இங்கேதான். 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டக் காணி அரசுக்குப் போனது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. தலைமுறை தலைமுறையாக அதே லயத்தில் இருந்தாலும் கையில் துண்டுக் காகிதம் இல்லை. ஆகவே தோட்ட முகாமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வீட்டுச் சமையலறையில் தின்பண்டம் செய்கிறேன், கட்டடம் எதுவும் கூட்டிக் கட்டவில்லை, தோட்ட வேலைக்கு இடைஞ்சல் இல்லை என்று மூன்று வரி போதும். கடிதத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வியாபார உரிமம் உங்களுக்கு நோர்வூட் பிரதேச சபையில். முன்பு நம் பக்கத்தில் அம்பகமுவ, நுவரெலியா என்று இரண்டே பெரிய பிரதேச சபைகள் இருந்தன. அவை ஆறாகப் பிரிந்து 2018இல் தேர்தல் நடந்ததால் தூரமாவது குறைந்திருக்கிறது. உரிமம் டிசம்பர் 31ஆம் திகதியோடு முடியும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். பயப்பட ஒன்றுமில்லை: சுத்தமான தண்ணீர், மூடிய பாத்திரம், எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாமை. பைக்கற்றில் பொருளின் பெயர், சேர்ந்த பொருட்கள், நிறை, செய்த திகதி, முடியும் திகதி, உங்கள் பெயர், விலாசம் இருக்கட்டும்.

கடன் விஷயத்தில் மனம் விட்டுப் பேசுகிறேன். வங்கி காணி உறுதி கேட்கும், உங்களிடம் இல்லை. அதனால்தான் வாரா வாரம் லயத்து வாசலுக்கு வந்து குழுவாக உட்கார வைத்து வசூலிக்கிற நுண்கடன் பக்கம் பெண்கள் போகிறார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்து, காதுத் தோடும் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வியாபாரத்தை அதில் தொடங்காதீர்கள். விற்ற காசை மாதா மாதம் ஒரே வங்கிக் கணக்கில் போடுங்கள். பதிவுப் பத்திரமும் அந்தக் கணக்குப் புத்தகமும் பிணையாளர் இருவரும் இருந்தால் பிரதேச அபிவிருத்தி வங்கி போன்ற இடங்களில் பேச முகம் இருக்கும். பிரதேச செயலகத்தில் தொழில்முயற்சி அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், அவரைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாகவே இருந்து 2018இல்தான் திருத்தப்பட்டது. தோட்டத்துக்குள்ளேயே ஒரு சின்னச் சந்தைக் கொட்டகை, பொதுச் சமையற்கூடம் கேட்க இப்போது வழி திறந்திருக்கிறது. உங்கள் உறுப்பினரிடம் கேளுங்கள்.

கேள்வி: கொழும்பிலிருந்து திரும்பி வந்து போன் திருத்தும் கடை போடப் போகிறேன். கடையின் சொந்தக்காரர் கீ மணி (வாடகைக்கு மேலே கொடுக்கிற முன்பணம்) கேட்கிறார், எழுத்து வேண்டாம், நம்பிக்கை போதும் என்கிறார்.
– கொட்டகலை வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும். எத்தனை வருடம், வாடகை எவ்வளவு, கீ மணி திரும்பக் கிடைக்குமா, வீதி அகலமாக்கக் கடையின் முன்பக்கத்தை உடைத்தால் நட்டம் யாருக்கு என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அந்தக் கட்டடம் வீதிக் கோட்டுக்கு (வீதிக்கென ஒதுக்கிய எல்லைக்கு) உள்ளே வருகிறதா என்று சபையில் கேட்டு அறிந்த பிறகு காசை எண்ணுங்கள்.

கேள்வி: நகரத் திட்டம் என்று பாடத்தில் படிக்கிறோம். எங்கள் சின்ன ஊருக்கு அது எதற்கு?
– மஸ்கெலியா உயர்தர மாணவி

பதில்: மகளே, உங்கள் ஊரே இடம் மாறிய ஊர். 1960களின் கடைசியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் வெளியே தெரிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்படி ஓர் ஊரைப் பெயர்த்து வைக்கும்போது சலூன் எங்கே, தையல் கடை எங்கே, தேத்தண்ணிக் கடை எங்கே என்று யாராவது யோசிக்க வேண்டும். யோசிக்காவிட்டால் வீதியும் கட்டடமும் மட்டும் இருக்கும், சனம் வேறு பக்கம் போகும்.

இன்று இது இன்னும் அவசரம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலையகத்தில் மண் சரிந்து உயிரும் வீடும் கடையும் போயின. சரிவு அபாயமுள்ள நம் மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் கட்டக் கூடாது. அது நம் உயிருக்காக வைத்த விதி, நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அதே நேரம், வீட்டுக்கு மாற்றுக் காணி கொடுக்கும்போது அந்த வீட்டு முன்வாசலில் இருந்த சில்லறைக் கடையையும் எண்ண வேண்டும். உங்கள் வகுப்பில் ஒரு வேலை செய்யுங்கள்: டவுனில் இருக்கிற கடைகளையும் பேமென்ட் வியாபாரிகளையும் வரைபடத்தில் குறித்து, யார் எந்தத் தோட்டத்திலிருந்து வந்து வாங்குகிறார்கள் என்று கேட்டு எழுதி, பிரதேச சபைக்குக் கொடுங்கள்.

கேள்வி: என் தையல் கடையில் ஒரே ஒரு பிள்ளை வேலை செய்கிறாள். ஈ.பி.எஃப். கட்ட வேண்டுமா?
– பண்டாரவளை வாசகி

பதில்: ஆம். ஒருவர் என்றாலும் கட்ட வேண்டும். ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், அவள் சம்பளத்தில் 8 வீதம். அதோடு நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு உங்கள் கையிலிருந்து 3 வீதம். சேமலாப நிதிப் பணத்தை அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்கு முன் கட்டுங்கள். நியமனக் கடிதமும் கொடுங்கள்.