முந்நூறு பவுண்டு மாப்பிள்ளை

கேள்வி (குன்னூர் வாசகி): 1885-ல் ஊட்டியில் நடப்பதாக ஒரு நகைச்சுவை நாடகம் எழுதியிருக்கிறேன். கையில் காசில்லாத துரைசானி ஒருத்தி சீசனுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு மலை ரயிலில் வந்து இறங்கி, பெரிய இடத்து மாப்பிள்ளைக்கு வலை வீசுகிறாள். காலனி விழாவில் போடவேண்டும். படித்த என் கணவர் ஓரிடத்தில்கூடச் சிரிக்கவில்லை. இரண்டு காட்சிகளை இணைத்திருக்கிறேன், என்ன குறை என்று சொல்லுங்களேன்.

பதில்: முதலில் அந்த ரயிலை நிறுத்துங்கள், தாயே. மலை ரயில் உங்கள் குன்னூருக்கு வந்ததே 1899-ல்தான். ஊட்டிக்கு 1908-ல். 1885-ல் மேட்டுப்பாளையத்தோடு ரயில் சரி. அதற்கு மேல் குதிரைவண்டியோ மாட்டுவண்டியோதான். இதில் உங்களுக்கு லாபம்தான். தொப்பிப் பெட்டியை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு, வண்டிக்காரரிடம் வாடகைக்கு மல்லுக்கட்டிக்கொண்டே துரைசானி மலையேறட்டும். அவள் பவிசு முதல் காட்சியிலேயே சந்திக்கு வந்துவிடும்.

நீங்கள் அனுப்பிய காட்சிகளில் எல்லோரும் நிலாவையும் ரோஜாவையும் பற்றியே பேசுகிறார்கள். ஒருத்தராவது சம்பளம் கேட்டார்களா? சிவில் சர்வீஸ் வரனை அந்தக் காலத்தில் ‘இருந்தாலும் செத்தாலும் வருஷத்துக்கு முந்நூறு பவுண்டு’ என்பார்கள். அவர் கண்ணை மூடினாலும் மனைவிக்கு அந்தப் பென்ஷன் உண்டு. கலெக்டர் இருமும்போது வருங்கால மாமியார் முகத்தில் துளி கவலை தெரியக்கூடாது. அங்கே சிரிக்காவிட்டால் உங்கள் கணவரை எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

மகள் விரும்புவது லெப்டினன்ட்டை என்று வைத்திருக்கிறீர்கள். சரியான தேர்வு. கல்யாணம் என்றால் அந்தப் பையன் மேலதிகாரியிடம் போய் நிற்கவேண்டும், சம்பளமும் மெஸ் கணக்குக்கே பற்றாது. அம்மாவுக்குப் பயந்து அவன் ஒளிய ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறை இருக்கிறது. 1841-ல் தொடங்கிய கிளப் அது; ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டியதும் அங்கேதான், 1882-ல். விதிகளுக்கு வயது மூன்று, பையனுக்கு அதில் பாதிதான் தெரியும். போதுமே, ஒரு காட்சி ஓடும்.

ஆனால் நீங்கள் பெரிதாகக் கோட்டை விட்டது பட்லரிடம்தான். அவரைத் தேநீர் கொண்டுவரவும் போகவும் மட்டும் வைத்திருக்கிறீர்கள். அந்நாளில் புதிதாக வந்தவர்கள்தான் முதலில் மற்றவர் வீட்டுக்குப் போய், வாசல் பெட்டியில் பெயர் அட்டை போட்டுவிட்டு வரவேண்டும். பதில் அட்டைகள் விழும் துரைசானி வீட்டுப் பெட்டியைக் காலையில் திறப்பது யார்? நம் பட்லர். தையல்காரர் பாக்கிச் சீட்டைக் கோட்டுப் பைக்குள் செருகிவிட்டு, கலெக்டர் அட்டையை மட்டும் விரலால் துடைத்து, தட்டில் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பார். வருகிறவர்கள் கண்ணில் முதலில் அதுதானே படவேண்டும்! விருந்து மேஜையில் யாருக்கு அடுத்து யார் என்று அரசாங்கமே வரிசை போட்டு வைத்திருந்த காலம். சமையற்கட்டிலும் அதே வரிசைதான். கலெக்டர் வீட்டு பட்லர் வந்தால் மேஜர் வீட்டு பட்லர் எழுந்து நிற்பார். எடுபிடி வேலை பார்க்கும் மேட்டிப் பையன் இருவருக்கும் நிற்பான். அந்த வீட்டின் வரவுசெலவு முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் பட்லர்; கல்யாணத்தை முடிப்பதோ கெடுப்பதோ அவர் கையில் இருக்கட்டும்.

கேள்வி (அதே வாசகி): துரைசானி சினிமாவில் வருவதுபோல ‘நான் வர்றான், நீ போறான்’ என்று பேசலாமா?

பதில்: பட்லரிடம் மட்டும். அம்மாவும் மகளும் வீட்டுக்குள் தங்கள் பாஷையில் பேசுகிறவர்கள். அதை நல்ல தமிழிலேயே பேசவிடுங்கள். இரண்டு மணி நேரம் கொச்சைத் தமிழ் கேட்டால் பின்வரிசை எழுந்து போய்விடும்.

கேள்வி (பழனி வாசகர்): ஊட்டியை விட்டால் வேறு மலையே இல்லையா? இப்படி ஒரு கதையைக் கொடைக்கானலில் வைக்கக்கூடாதா?

பதில்: தாராளமாக. படகுக் காட்சிக்கு ஏரியே இருக்கிறது, மதுரை கலெக்டர் லெவின்ஜ் 1863-ல் உண்டாக்கியது. ஆனால் அது 1845-லிருந்து அமெரிக்க மிஷனரிகள் வளர்த்த ஊர். ஊட்டியில் மாமியார் சம்பளம் கேட்பாள். கொடைக்கானலில் எந்தச் சபை என்று கேட்பாள். வசனம் மொத்தத்தையும் மாற்றி எழுதவேண்டியிருக்கும். பட்லர் மட்டும் அப்படியே இருக்கலாம்.