பாஸ்போர்ட்டில் யார் பெயர்?

தம்பி, பாரிசுக்கு வேலைக்கு வரப்போகிறீர்கள், பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டம் காலியாக இருக்கிறது, அதில் அப்பா பெயரைப் போடுவதா, உங்கள் பெயரையா என்று கேட்டிருந்தீர்கள். அப்பா பெயரைப் போடுங்கள். கடலூரை விட்டுக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். இங்கே வந்து மாற்றுவது பெரும்பாடு.

ஊரில் இனிஷியலை வைத்தே காலம் தள்ளிவிடலாம். இங்கே எந்தப் படிவத்திலும் 'நோம்' என்பது குடும்பப் பெயர், 'ப்ரெநோம்' உங்கள் சொந்தப் பெயர். வேலையிடத்தில் வயதில் சின்னவர்கூட ப்ரெநோம் சொல்லித்தான் கூப்பிடுவார். ப்ரெநோம் கட்டத்தில் அப்பா பெயர் இருந்தால் நாள் முழுக்க அதே பெயரில் கூப்பிடுவார்கள். என் மனசு அதற்கு ஒப்பாது. டாக்டரிடம் போனால் "முசியே" (நம் 'திரு' போல) போட்டு அப்பா பெயரைச் சொல்வார்கள். எழுந்து போங்கள், உங்களைத்தான். தபால் பெட்டியில் அந்தப் பெயரோடு மனைவியின் குடும்பப் பெயரையும் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் அவருக்கு வரும் கடிதம் திரும்பிப் போய்விடும்.

கல்யாணமானதும் இனிஷியலை மாற்றுகிற நம் வழக்கப்படி அவர் பாஸ்போர்ட்டை மாற்ற வேண்டாம். பிரான்சில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான் கடைசிவரை சட்டப் பெயர்; கணவர் பெயரை விரும்பினால் புழக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

குழந்தை பிறந்தால் ஐந்து நாளுக்குள் மேரியில், அதாவது நகராட்சியில், பதிய வேண்டும். உங்கள் பெயர் அதற்கு இனிஷியலாக வராது. உங்கள் அப்பா பெயரே குடும்பப் பெயராகப் போகும். 2005 முதல் அம்மாவின் குடும்பப் பெயரையோ இரண்டையும் சேர்த்தோ வைக்கலாம். முதல் குழந்தைக்கு வைத்ததே அடுத்தடுத்த குழந்தைகளுக்கும். அதனால் இருவரும் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள்.

காலிக் கட்டத்தில் சாதிப் பெயரைப் போடச் சொல்பவர்கள் இருப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், பேரன் பேத்தி வரைக்கும் ஒட்டிக்கொள்ளும். எங்கள் புதுச்சேரியில் 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை 'லாபோர்த்' ஆனார், 'பிள்ளை' கழன்றது. எங்கள் குடும்பத்துப் பெரியவர் பிரெஞ்சுப் பெயர் வேண்டாமென்று தன் தகப்பனார் பெயரையே எழுதிக்கொடுத்தார். அந்தச் சுத்தத் தமிழ்ப் பெயர்தான் இன்று என் பிள்ளைகளின் பள்ளி நோட்டில் இருக்கிறது. எனக்கு அதில் பெருமை.

பெயரை முடிவு செய்ததும் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், டிகிரி எல்லாவற்றிலும் எழுத்துக்கூட்டல் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். பிரெஞ்சில் மொழிபெயர்க்கக் கொடுப்பது அதற்குப் பிறகு.